சின்னச் சின்ன சந்தோஷங்களைத் தவற விடாமல் இருக்க: நான்கு வாரப் பயிற்சி, படிப்படியாக

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் நாளிலும் சில இதமான நொடிகள் வந்து போயிருக்கும். வெயிலில் நடந்துவிட்டு நிழலுக்குள் நுழைந்த நொடி, காலைக் கடித்த செருப்பைக் கழற்றிப் போட்ட நொடி, காணாமல் போனதாக நினைத்த சாவி பைக்குள் கையில் தட்டுப்பட்ட நொடி. வந்த வேகத்தில் இவை போய்விடும். ராத்திரி யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. அன்று காலை யாரோ சொன்ன கடுஞ்சொல் மட்டும் அப்படியே இருக்கும்.

வந்து போகிற அந்த நொடிகளைக் கவனிப்பது, கொஞ்சம் தங்க வைப்பது, அதற்குக் குறுக்கே நிற்பதை விலக்குவது என்ற மூன்று வேலைகளுக்கான வழிகாட்டி இது. புதிதாக எதையும் வாங்கவோ, வேலையை விட்டுவிட்டு எங்கும் போகவோ வேண்டாம். ஒரு சிறிய நோட்டு, ஒரு பேனா, நாளொன்றுக்கு மொத்தமாகப் பத்து நிமிடம் போதும். போனில் குறிக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு வரி எழுதத் திறந்த போன், ஐந்து நிமிடம் வேறெங்கோ இழுத்துப் போய்விடும்.

## தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சின்ன சந்தோஷத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். உளவியலாளர் எட் டீனரும் அவரது சகாக்களும் 1991-இல் முன்வைத்த முடிவு இது: ஒருவர் தன்னை மகிழ்ச்சியானவர் என்று உணர்வது, நல்ல உணர்வு எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் பொறுத்தது, அது எவ்வளவு தீவிரமாக வருகிறது என்பதை அவ்வளவாகப் பொறுத்தது அல்ல. வருடத்துக்கு ஒரு முறை வரும் கொண்டாட்டத்தைவிட, நாளுக்கு நாலைந்து முறை வரும் லேசான நிம்மதிக்கு எடை அதிகம்.

அப்படியிருந்தும் இவை கைநழுவிப் போக இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது பழக்கம். எந்த நல்லதும் திரும்பத் திரும்ப வந்தால் மனம் அதைச் சாதாரணமாக்கிவிடும். லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை வைத்து 1978-இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. நண்பரோடு பேசுவது, ஒரு நகைச்சுவையைக் கேட்பது போன்ற அன்றாட விஷயங்களில், பரிசு விழாதவர்களைவிட அவர்களுக்குக் குறைவான இன்பமே கிடைத்தது. பெரிய நல்லது ஒன்று நடந்தால் சின்ன நல்லதெல்லாம் தானாகவே இனித்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, மனம் அங்கே இல்லாதது. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் போன் செயலி வழியாக நாளின் பல நேரங்களில், 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். 2010-இல் வெளியான அதன் முடிவுப்படி, கேட்ட நேரங்களில் ஏறத்தாழ 47 சதவீதத்தில் மனம் செய்யும் வேலையில் இல்லை. மனம் அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்று நெருக்கினால் அது விலகிப் போகும். 'இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்?' என்று தன்னையே அளந்துகொண்டு இசை கேட்டவர்களுக்கு அந்த இசையில் இன்பம் குறைந்ததை 2003-இல் வந்த ஒரு சோதனை காட்டியது. அதனால் இந்தப் பயிற்சியில் எங்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்லவில்லை. நீங்களும் போடாதீர்கள்.

## முதல் வாரம்: வெறும் கணக்கெடுப்பு

இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். நடப்பதைப் பிடித்து எழுதினால் போதும்.

நாளில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மணி பார்த்து வைப்பதைவிட, ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு ஒட்டி வைத்தால் மறக்காது. உதாரணத்துக்கு, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, வேலை முடிந்து வீட்டுக்குள் காலடி வைக்கும்போது, படுக்கை விரித்ததும். அந்த நேரத்தில் நோட்டைத் திறந்து, கடந்த சில மணி நேரத்தில் மனம் லேசான ஒரு நொடியைத் தேடுங்கள். கிடைத்தால் ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எங்கே, என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது.

'இன்று நல்ல நாள்' என்பது பயன்படாத வரி. 'மாடிப்படியில் நின்றேன், ஜன்னல் வழியாகக் காற்று வந்தது, கழுத்து வியர்வை காய்ந்தது' என்பது பயன்படும் வரி. முதலாவது ஒரு தீர்ப்பு மட்டும்தான். இரண்டாவதைப் பத்து நாள் கழித்துப் படித்தாலும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியும்.

எதையெல்லாம் எழுதலாம் என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். தலையணையைத் திருப்பிப் போட்டதும் கன்னத்தில் பட்ட குளிர்ச்சி எழுதத் தகுந்தது. நீண்ட பட்டியலில் கடைசி வேலையை அடித்துவிட்டது, கூட்டமான பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது, ஒரு முறைதான் சந்தித்தவர் உங்கள் பெயரை நினைவு வைத்திருந்தது, முகம் சுளிக்காமல் ஒரு குழந்தை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, போக நினைக்காத ஒரு கூட்டம் ரத்தானது, எல்லாமே தகுந்தவைதான். பிறரிடம் சொன்னால் 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று கேட்பார்களோ என்று தோன்றினால், நீங்கள் சரியான அளவில் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த வாரத்தில் பெரும்பாலும் நடக்கும் பிழை, ஒன்றும் கிடைக்காத நேரத்தில் எதையாவது கற்பனையாக எழுதி இடத்தை நிரப்புவது. கிடைக்கவில்லை என்றால் ஒரு கோடு போட்டுவிட்டு நோட்டை மூடுங்கள். அந்தக் கோடும் ஒரு தகவல்தான். வேலையிடத்தில் எழுத வேண்டிய மூன்று நாள் தொடர்ந்து கோடாகவே இருந்தால், எந்த நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

வாரக் கடைசியில் நோட்டில் பத்திலிருந்து இருபது வரி சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த வகை என்று ஒரு சொல் எழுதுங்கள்: உடம்பு, மனிதர், முடித்த வேலை, அழகு, எதிர்பாராதது, தனிமை. இரண்டு வகைகள் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகமாக இருக்கும். அவைதான் உங்களுடைய ஊற்று. இது ஆளுக்கு ஆள் மாறும். தனிமையில் மனம் நிறைகிற ஒருவரிடம் நாலு பேரோடு கலகலப்பாக இருக்கச் சொல்வதால் பயன் இல்லை. அடுத்த மூன்று வாரமும் இந்த இரண்டு வகையை மையமாக வைத்துத்தான் நகர வேண்டும்.

## இரண்டாம் வாரம்: இருபது நொடி தங்குதல்

முழுப் பயிற்சியின் இதயம் இதுதான். இதை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டாலும் பலன் இருக்கும்.

நல்ல அனுபவத்தை வேண்டுமென்றே ஆற அமர ரசிப்பது ஒரு திறன், அதைப் பழக்கிக்கொள்ளலாம் என்பதை ஃபிரெட் பிரையன்ட், ஜோசப் வெரோஃப் இருவரும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வரப்போவதை எதிர்பார்த்து ரசிப்பது, நடக்கும்போதே ரசிப்பது, நடந்ததை நினைத்து ரசிப்பது என்று அதை மூன்றாகப் பிரித்தார்கள். இந்த வாரம் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இதமான நொடி ஒன்று வந்தது தெரிந்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கையை நிறுத்துங்கள். நடந்துகொண்டிருந்தால் வேகத்தைப் பாதியாக்குங்கள். கை ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் நிற்காது.
2. ஒரு மூச்சை உள்ளே இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஒரே ஒரு மூச்சு. இதைத் தியானமாக நீட்ட வேண்டாம்.
3. ஒரு புலனை மட்டும் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்த நீர் என்றால் தோல், மழைச் சத்தம் என்றால் காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உணர முயன்றால் எதுவும் நிற்காது.
4. அந்தப் புலனில் ஒரு புது விவரத்தைக் கண்டுபிடியுங்கள். தண்ணீர் நெற்றியில் ஒரு மாதிரியும் காதோரத்தில் வேறு மாதிரியும் படுகிறதா? மழை கூரையில் விழும் சத்தத்துக்கும் இலையில் விழும் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம்?
5. மனதுக்குள் ஒரு சின்ன வாக்கியம் சொல்லுங்கள். 'நன்றாக இருக்கிறது' என்பது போதும்.
6. விட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள்.

மொத்தம் இருபது நொடி. நான்காவது படிதான் பெரும்பாலோர் தாண்டிப் போவது, பலன் இருப்பதும் அதில்தான். பழகிப் போனதில் புது விவரம் ஒன்றைத் தேடும்போது, மனம் அதைப் பழையதாகப் பார்க்க முடியாமல் நிற்கிறது. மேலே சொன்ன பழக்கத்துக்கு நேரடி மருந்து அது.

ஆறாவது படியையும் லேசாக எடுக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் நீடிக்கட்டும் என்று இழுத்தால், இருபத்தைந்தாவது நொடியில் 'இது போய்விடுமே' என்ற ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு ரசிப்பதற்குப் பதில் காவல் காப்பதுதான் நடக்கும்.

போட்டோ எடுக்கலாமா? எடுப்பது தவறில்லை. எதை எடுப்பது என்று கண் தேடும்போது கவனம் கூடவே செய்யும். எடுக்கும்போதே பிறருக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தால்தான் சிக்கல். அது எப்படித் தெரியும், என்ன சொல்வார்கள் என்று மனம் அங்கிருந்து கிளம்பிவிடும். இந்த நான்கு வாரம் எடுக்கும் எதையும் அன்றே பகிராமல் இருந்து பாருங்கள்.

நாளுக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முதல் நாளே இருபது முறை செய்பவர்கள் நாலாவது நாளில் விட்டுவிடுவார்கள்.

## மூன்றாம் வாரம்: இடையூறுகளை விலக்குதல், பழகியதைப் புதிதாக்குதல்

முதலில் போன். நண்பர்களோடும் குடும்பத்தோடும் உணவகத்தில் சாப்பிட வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில், போனை மேசைமேல் வைத்திருந்தவர்கள் அதை எடுத்து வைத்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே அந்த நேரத்தை ரசித்தார்கள் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. வித்தியாசம் பெரியதல்ல. ஆனால் தினமும் மூன்று வேளை என்று கணக்குப் போட்டால் சேர்ந்துகொண்டே போகும். போனை அறவே ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது, யாரும் நாலு நாளுக்கு மேல் கடைப்பிடிக்க மாட்டார்கள். மூன்று இடங்களில் மட்டும் அதற்கு அனுமதி இல்லை என்று வையுங்கள்: சாப்பிடும் இடம், எழுந்த முதல் பதினைந்து நிமிடம், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளி.

கடைசியாகச் சொன்னதுதான் பலரும் நினைத்துப் பார்க்காதது. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் அரை நிமிடம், தண்ணீர் கொதிக்கும் மூன்று நிமிடம், வண்டி வரும் வரை நிற்கும் ஐந்து நிமிடம், எல்லாமே கை தானாகப் போனைத் தேடும் இடங்கள். சின்ன சந்தோஷங்கள் அதிகம் கிடைப்பதும் இந்த இடைவெளிகளில்தான், ஏனென்றால் அப்போது மட்டும்தான் உங்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அடுத்து அவசரம். அரக்கப்பரக்க ஓடும்போது கண்ணில் எதுவும் படாது. இந்த வாரம் தினமும் ஒரே ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். வேலையாக இருக்கலாம், பள்ளி வாசலாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் வேறு வேலை எதையும் திணிக்காதீர்கள்.

இனி, பழகிப் போனதை மீட்பது. இதற்கு எளிய வழி, பிடித்த ஒன்றைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பது. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்கள் மறுபடி சாப்பிட்டபோது, வழக்கம்போலச் சாப்பிட்டு வந்தவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள். தினமும் செய்து சலித்துப் போன, ஆனால் இன்றும் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பானம், ஒரு தொடர், ஒரு பாட்டு. ஏழு நாள் நிறுத்துங்கள். எட்டாம் நாள் அதை வேறு எதோடும் கலக்காமல், உட்கார்ந்து, அதை மட்டும் அனுபவியுங்கள். பிடித்த எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒன்று மட்டும். தூக்கம், மருந்து, நெருங்கியவர்களோடு பேசுவது ஆகியவற்றில் கை வைக்கவே வேண்டாம்.

இதே கணக்கின் மறுபக்கமும் உதவும். இன்பத்துக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டால் அது புதிதாகத் தோன்றும். பிடிக்காத வேலைக்கு நடுவே இடைவெளி விட்டால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது புதிதாகக் கசக்கும். அதனால் பிடித்த தொடரை ஒரே மூச்சில் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவுவது, படிவம் நிரப்புவது போன்றவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். நம்மில் பலர் இதை நேர்மாறாகவே செய்கிறோம்.

## நான்காம் வாரம்: மனிதர்கள், இரவுக் குறிப்பு

தெரியாதவரோடு பேசும் இரண்டு நிமிடத்துக்கு இருக்கும் சக்தியை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ரயிலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பயணம் சங்கடமாகும் என்று நினைத்தவர்கள், உண்மையில் பேசிப் பார்த்தபோது பயணம் இனிமையாக இருந்ததாகச் சொன்னதை, நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் சிகாகோ பகுதிப் பயணிகளிடம் கண்டார்கள். உங்கள் நாளில் ஏற்கெனவே வந்து போகும் மனிதர்களிடமே தொடங்குங்கள். பொருளைக் கையில் தருபவரை நிமிர்ந்து பார்த்து, ஒரு புன்னகை, ஒரு வாக்கியம். பாராட்டு என்றால் குறிப்பாகச் சொல்லுங்கள். 'நல்லா செஞ்சீங்க' என்பதைவிட 'இவ்வளவு கூட்டத்திலும் பொறுமையா விளக்கினீங்க' என்பது இருவருக்குமே நிற்கும். எதிரில் இருப்பவர் பேச விரும்பவில்லை என்பது தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் ஒரு தனி வேலை உண்டு. ஒருவர் தனக்கு நடந்த நல்லதைச் சொல்ல வரும்போது நாம் எப்படிக் கேட்கிறோம் என்பது அந்த உறவையே தொடும் என்பதை ஷெல்லி கேபிளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போனைப் பார்த்துக்கொண்டே 'ஓ, நல்லது' என்பது, அல்லது 'அப்ப இனிமே வேலை கூடுமே' என்பது, இரண்டுமே அந்தச் சந்தோஷத்தை அங்கேயே அணைத்துவிடும். செய்ய வேண்டியது எளிது. திரும்பி உட்காருங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: 'எப்படி நடந்தது, முதலிலிருந்து சொல்லு', 'கேட்டதும் உனக்கு எப்படி இருந்தது?' உங்கள் கவலைகள் நியாயமானவையாகவே இருந்தாலும் நாளைக்குச் சொல்லுங்கள். சொல்பவர் அந்த நல்லதை இரண்டாம் முறை வாழ்கிறார், கேட்பவருக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

இரவுக் குறிப்பு: படுக்கும் முன் அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதி, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் இதை ஒரு வாரம் செய்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அவர்களிடம் மகிழ்ச்சி கூடியும் சோர்வு குறைந்தும் காணப்பட்டது. 'ஏன்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். 'தங்கை கூப்பிட்டாள்' என்பதற்குக் கீழே 'போன வாரம் அவளுக்குக் காய்ச்சல் என்று நான் விசாரித்திருந்தேன்' என்று எழுதும்போது, நல்லது எங்கிருந்து வருகிறது என்பதும், அதை எப்படித் திரும்ப வரவழைக்கலாம் என்பதும் பிடிபடும்.

இதை வாழ்நாள் முழுக்க தினமும் எழுத வேண்டியதில்லை. சோனியா லியுபோமிர்ஸ்கியும் சகாக்களும் செய்த ஒரு சோதனையில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கடமையாக மாறிய பிறகு கை எழுதும், மனம் எழுதாது. ஒரு வாரம் தினமும் எழுதுங்கள், பிறகு வாரத்துக்கு ஒரு நாளாகக் குறையுங்கள். 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று அதே மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால், குறைக்க வேண்டிய நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது.

## எங்கே தடுக்கும், ஏன்

செயற்கையாக இருக்கிறது என்று தோன்றினால். முதல் பத்து நாள் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால், உங்களுக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, பிடிக்க வேண்டும் என்று நினைப்பதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சூரிய உதயம் உங்களைத் தொடவில்லையா, அடித்துவிடுங்கள். அலமாரியை அடுக்கி முடித்த நிறைவு தொடுகிறதென்றால் அதுதான் உங்களுடையது.

குற்ற உணர்வு வந்தால். வீட்டில் ஒருவர் நோயில் இருக்கும்போது, இழப்பு நடந்த சில நாட்களில், சிரித்துவிட்டால் உறுத்தும். துக்கமும் இதமும் ஒரே நாளில் வரக்கூடியவை. ஒன்று மற்றதைப் பொய்யாக்காது. அந்த நாட்களில் தேட வேண்டாம், தானாக வந்ததைத் தள்ளிவிடாமல் இருந்தால் போதும். இன்னொருவர் துக்கத்தில் இருக்கும்போது அவரிடம் இந்தப் பயிற்சியைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

பணநெருக்கடி, ஓய்வே தராத வேலை, வீட்டில் அடி உதை. இவற்றுக்கு இந்த வழிகாட்டி தீர்வு அல்ல. தீர்க்க வேண்டிய ஒன்றைச் சகித்துக்கொள்ள இதைப் பயன்படுத்துவது தவறு. கணக்கெடுப்பு வாரத்தில் கோடுகள் ஒரே இடத்தைச் சுட்டினால், மாற்ற வேண்டியது அந்த இடத்தை.

முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை என்றால். இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாத நிலை, அல்லது மனச்சோர்வு, பெரும்பாலான நாட்களில் நாள் முழுக்க இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மன அழுத்த நோயின் முக்கிய அறிகுறியாக இருக்கலாம். அது நோட்டில் எழுதிச் சரிசெய்யும் விஷயம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உடனே உதவி பெறுங்கள். சிகிச்சையிலும் இதற்கு நெருங்கிய ஒரு முறை உண்டு: மனம் வரட்டும் என்று காத்திராமல், முன்பு இதமளித்த சிறு செயல்களை அட்டவணை போட்டுச் செய்வது, உணர்வு பின்னால் வரும் என்று விடுவது. பீட்டர் லெவின்சன் 1970-களில் வளர்த்தெடுத்த அணுகுமுறை அது. ஆனால் அதை ஒரு வல்லுநரின் துணையோடு செய்ய வேண்டும்.

## நான்கு வாரத்துக்குப் பிறகு

எல்லாவற்றையும் தொடர வேண்டாம். நாளுக்கு ஓரிரண்டு இருபது நொடிகள், வாரத்துக்கு ஒரு இரவுக் குறிப்பு, மாதத்துக்கு ஒரு முறை பிடித்த ஒன்றை ஏழு நாள் நிறுத்தி வைப்பது, இவை போதும்.

இன்னும் ஒன்று, விருப்பம் இருந்தால். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று யாரோடு என்ன பேசினீர்கள், என்ன பாட்டு கேட்டீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதியை மேலே எழுதி வையுங்கள். எழுதும்போது 'இதைப் படிக்க என்ன இருக்கப்போகிறது?' என்றுதான் தோன்றும். இதையே சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2014-இல் சொன்னது, சாதாரண நாளைத் திரும்பப் படிப்பதில் இருக்கும் இன்பத்தை மக்கள் முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது. உறையைப் பிரிக்கும் நாளில் அடுத்த உறைக்கான பக்கத்தையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது உறை எழுதப்படாமலே போகும்.